ஆஸ்கர் (1991): ஒரு தாதா, இரண்டு மகள், மூன்று பை. கணக்கு எங்கே நேராகிறது, எங்கே உதைக்கிறது?

#1 | பால்கனி டிக்கெட்

ஜான் லாண்டிஸ் இயக்கிய 'ஆஸ்கர்' படத்துக்கு இங்கே தனி இழை இல்லை. ஆரம்பித்துவிடுகிறேன். முடிவு வரை உடைத்துத்தான் பேசப்போகிறோம், பார்க்காதவர்கள் இப்போதே நழுவிவிடலாம்.

கதை 1931-ல் நடக்கிறது. ஏஞ்சலோ 'ஸ்னாப்ஸ்' ப்ரொவொலோன் (சில்வெஸ்டர் ஸ்டலோன்) பெரிய தாதா. சாகக் கிடக்கும் அப்பா (கிர்க் டக்ளஸ்) இனிமேல் நேர்வழிதான் என்று சத்தியம் வாங்கிவிட்டுக் கண்ணை மூடுகிறார். ஒரு மாதம் கழித்து ஒரு காலைப்பொழுது. நண்பகலில் பேங்க்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்துவிட்டால் ஸ்னாப்ஸ் கௌரவமான மனிதன். அதற்குள் கணக்குப்பிள்ளை ஆன்டனி வருகிறான். சம்பளத்தைக் கூட்டுங்கள், உங்கள் மகளைக் கட்டிக்கொடுங்கள், உங்களிடம் 50,000 டாலர் சுருட்டியிருக்கிறேன் என்று வரிசையாக மூன்று குண்டு போடுகிறான். மகள் லீசா (மரீசா டோமேய்) வீட்டைவிட்டு வெளியேறினால் போதும் என்று, வேலைக்காரி நோரா சொல்லிக்கொடுத்தபடி கர்ப்பம் என்று பொய் சொல்கிறாள். ஆன்டனி காதலித்ததோ தெரசா என்ற வேறொரு பெண்ணை. அவள்தான் 'நான் ஸ்னாப்ஸ் மகள்' என்று அவனிடம் அளந்துவிட்டிருக்கிறாள். இதற்கு நடுவே ஒரே மாதிரி மூன்று கறுப்புப் பைகள்: ஒன்றில் பணம், ஒன்றில் நகை, ஒன்றில் நோராவின் உள்ளாடைகள்.

இரண்டு கேள்வி. இத்தனை குழப்பத்திலும் பார்க்கிறவருக்குத் தலை சுற்றுவதில்லையே, எப்படி? அப்படியிருந்தும் பின்பாதியில் ஓர் இடத்தில் தொய்கிறதே, ஏன்?

#2 | மூன்றாம் கதவு

முதல் கேள்விக்குப் பதில்: குழம்புவது பாத்திரங்கள் மட்டும். நாம் ஒரு நிமிடம்கூடக் குழம்புவதில்லை. ஆள்மாறாட்டக் கூத்தின் அடிப்படையே அதுதான். யார் என்ன தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் தெரியாமல் மறைத்தால் அது மர்மக்கதையாகிவிடும், சிரிப்பு வராது.

ஒரு தாளில் கட்டம் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஆட்கள்: ஸ்னாப்ஸ், ஆன்டனி, லீசா, தெரசா, நோரா. மேலே உண்மைகள்: பணம் எங்கே, ஆன்டனி காதலிப்பது யாரை, லீசா கர்ப்பமா, தன் காதலன் என்று அவள் சொல்லும் 'ஆஸ்கர்' யார். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் யாருக்கு எது தெரிந்தது என்று டிக் போடுங்கள். பெரும்பாலான காட்சிகளில் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோதான் மாறும். மூன்று மாறினால் பார்வையாளர் அடுத்த வசனத்தைத் தவறவிடுவார், ஏனென்றால் இன்னும் போன வசனத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: தெரசா உண்மையிலேயே ஸ்னாப்ஸின் மகள் என்பது. புது வேலைக்காரியாக வந்து நிற்கும் ராக்ஸேன் அவனுடைய பழைய காதலி, தெரசாவின் தாய். இதை மட்டும் நம்மிடமிருந்தும் மறைக்கிறார்கள். கடைசியில் முடிச்சை இறுக்க ஒரே ஒரு ரகசியத்தைக் கையிருப்பில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு வைத்திருந்தால் ஏமாற்று வேலையாகத் தெரிந்திருக்கும்.

#3 | சந்தேகத் திலகம்

கட்டமெல்லாம் சரி பாஸ். எனக்கு உதைப்பது பையின் எடை. 50,000 டாலர் நோட்டு இருக்கும் பையும் உள்ளாடை இருக்கும் பையும் ஒரே கனமா இருக்குமா? கையில் தூக்கியதுமே தெரியாதா? தாதாவுக்குப் பணத்தின் கனம் தெரியாதாம், கேட்கிறவன் கேனையா!

#4 | ரீல்பெட்டி

நல்ல கேள்வி. போட்டுப் பார்த்துவிடலாம்.

டாலர் நோட்டு ஒன்று ஏறத்தாழ 1 கிராம். 50,000 டாலரை 100 டாலர் நோட்டாக வைத்தால் 500 நோட்டு, அரைக் கிலோ. 20 டாலர் நோட்டாக வைத்தால் 2,500 நோட்டு, இரண்டரைக் கிலோ. 100 நோட்டு கொண்ட கட்டு சுமார் 1.1 செ.மீ. தடிமன் வரும், ஆக 25 கட்டு. பையின் அடியில் ஐந்துக்கு ஐந்தாக அடுக்கிவிடலாம். தோல் பையே ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். எனவே 100 டாலர் நோட்டு என்று வைத்துக்கொண்டால் உள்ளாடைப் பைக்கும் பணப் பைக்கும் கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. 20 டாலர் நோட்டு என்றால் தெரிந்தே தீரும்.

இன்னொன்று. இந்த மாதிரி காலகட்டப் படங்களில் பொருள் தயாரிப்பவர்கள் சறுக்கும் இடம் நோட்டின் அளவு. அமெரிக்க நோட்டு 1929 ஜூலை வரை பெரியது, சுமார் 18.9 x 7.9 செ.மீ. அதன் பிறகுதான் இன்றைய 15.6 x 6.6 செ.மீ. அளவுக்குச் சுருக்கினார்கள். 1931 கதைக்குச் சின்ன நோட்டுதான் பொருத்தம். 'பழைய காலம்தானே' என்று பெரிய நோட்டை அடுக்கினால் தவறு.

#5 | மேடைத்தச்சன்

எடைக்குத் தீர்வு தர்க்கத்தில் கிடையாது, நடிப்பில் இருக்கிறது. பையைத் தானே தூக்குகிறவனுக்குச் சந்தேகம் வரும். பிறர் கையால் வாங்கி அப்படியே கீழே வைக்கிறவனுக்கு வராது. பார்வையாளருக்கும் வராது. பை இடம் மாறும்போதெல்லாம் அந்த ஆள் வேறு எதற்காகவோ கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். கத்திக்கொண்டே பையை எடுப்பவன் எடை பார்ப்பதில்லை.

ஒத்திகையில் செய்ய வேண்டியது: மூன்று பையிலும் ஒரே எடையுள்ள மணல்மூட்டையை வையுங்கள், சுமார் இரண்டு கிலோ. காலிப் பையை நடிகர் தூக்கினால் கை துள்ளும். அந்தத் துள்ளலைக் கண் உடனே பிடித்துவிடும். நகைப் பையைத் திறந்து காட்டும் ஷாட்டுக்கு மட்டும் தனிப் பை. அதற்கு மேல், ஒவ்வொரு பைக்கும் ஒரு மாற்று வேண்டும். அந்தத் தனிப் பை போக, மூன்று பைக் காட்சிக்கு ஆறு பை. அடிப்பக்கம் உள்ளே வர்ணப் புள்ளி வைத்து எது எது என்று குறித்துக்கொள்ளாவிட்டால், நாலாவது டேக்கில் படப்பிடிப்புக் குழுவே ஸ்னாப்ஸ் மாதிரி தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

#6 | பால்கனி டிக்கெட்

ஆறு பை! சரி, அந்த மூன்று பைக்குள் இருப்பவற்றைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். பணமும் நகையும் புரிகிறது. உள்ளாடை வெறும் கிளுகிளுப்புக்கா?

#7 | மூன்றாம் கதவு

இல்லை. பணமும் நகையும் மட்டும் இருந்தால் பை மாறினாலும் நஷ்டமில்லை, இரண்டுமே ஏறத்தாழ ஒரே மதிப்பு. மூன்றாவது பையில் விலையே இல்லாத ஒன்று இருக்க வேண்டும், அதோடு நாலு பேர் முன்னால் திறந்தால் மானம் போகிற பொருளாகவும் இருக்க வேண்டும். பழைய பேப்பர் வைத்தால் ஏமாற்றம் மட்டும்தான் கிடைக்கும். உள்ளாடை வைத்தால் ஏமாற்றத்தோடு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயமும் சேர்கிறது. அந்த விளக்கத்திலிருந்து அடுத்த பொய் பிறக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

#8 | கட்டியங்காரன்

எல்லாரும் பையிலேயே நிற்கிறீர்கள். இந்தப் படத்தின் உண்மையான சூத்திரம் துப்பாக்கி.

தாதா கதையைச் சிரிப்புக் கதையாக்குவதில் ஒரு தொல்லை இருக்கிறது. எந்தச் சண்டையையும் அவனால் ஒரு குண்டில் முடித்துவிட முடியும். கணக்குப்பிள்ளை திருடினானா? சுட்டுவிடு. மகளைக் கேட்டானா? சுட்டுவிடு. இரண்டாவது நிமிடத்தில் படம் முடிந்துவிடும். ஆகவே ஆயுதத்தைப் பூட்ட வேண்டும். இங்கே அப்பாவின் சத்தியம் அந்தப் பூட்டு. அடியாட்களிடம் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லும்போது, ஒன்றை எடுத்தால் இன்னொன்று முளைத்து வந்துகொண்டே இருப்பது வெறும் தமாஷ் இல்லை. இந்த வீட்டில் இனி எந்தப் பிரச்சினையும் சுட்டுத் தீராது என்று நமக்குச் சொல்லும் அறிவிப்பு.

அடுத்து மகள் வருகிறாள். மிரட்ட முடியாத ஒரே ஆள். ஊரையே ஆட்டிவைப்பவன் அவள் அழுதால் கைக்குட்டை தேடுகிறான். சத்தியம் இருந்து மகள் இல்லாமல் போயிருந்தால் பழைய ரவுடி திருந்திய கதை. மகள் இருந்து சத்தியம் இல்லாமல் போயிருந்தால் அப்பா மாப்பிள்ளையைத் துரத்தும் கதை. இரண்டும் சேர்ந்ததால்தான் அவன் நாள் முழுக்கப் பேசியே சமாளிக்க வேண்டியதாகிறது. பேச்சு அவனுடைய பலவீனம். அதற்காகவே பேச்சுத் திருத்த டாக்டர் பூல் (டிம் கர்ரி) என்று ஒருவர் வந்து போகிறார், கடைசியில் மகளையும் அவரே கொண்டுபோகிறார்.

#9 | ரீல்பெட்டி

கட்டியங்காரன் சொன்னதோடு ஒன்று. பிரெஞ்சு மூலத்தில் தாதாவே கிடையாது. க்ளாட் மாஞ்யே எழுதிய மேடை நாடகம், 1958. அதை எதுவார் மொலினாரோ 1967-ல் லூயி த ஃப்யூனேஸை வைத்துப் படமாக்கினார். அதில் நாயகன் ஒரு தொழிலதிபர், பேர் பார்னியே. மூன்று பை, பொய் மகள், கர்ப்பம், ஓட்டுநர் ஆஸ்கர் எல்லாம் அதிலேயே உண்டு. தொழிலதிபருக்கு ஆயுதமில்லை, பூட்ட வேண்டியதும் இல்லை. அவர் வெறும் சிடுமூஞ்சி. அமெரிக்கப் பதிப்பு அந்த ஆளை தாதாவாக்கியதால் சத்தியம், அடியாட்கள், எதிர் கும்பல், போலீஸ் என்று புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. லாபமும் அங்கேதான், நஷ்டமும் அங்கேதான்.

#10 | சந்தேகத் திலகம்

நஷ்டம் எது?

#11 | ரீல்பெட்டி

பால்கனி டிக்கெட்டின் இரண்டாவது கேள்விதான். வீட்டுக்குள் இருப்பவர்களுக்குப் பை இருக்கிறது, பொய் இருக்கிறது, அவசரம் இருக்கிறது. வெளியே நோட்டம் விடும் போலீஸ் லெப்டினன்ட் டூமிக்கும் (கர்ட்வுட் ஸ்மித்) எதிர் கும்பல் வென்டெட்டிக்கும் என்ன இருக்கிறது? காத்திருப்பு மட்டும். அவர்கள் செய்வது ஒன்றே: தூரத்திலிருந்து பார்த்துத் தப்பாகப் புரிந்துகொள்வது. முதல் முறை சிரிப்பு, மூன்றாவது முறை 'சரி, உள்ளே போங்கப்பா' என்று தோன்றுகிறது. கதவுகளுக்கு நடுவே கட்டிய வேகம் ஒவ்வொரு முறை தெருவுக்கு வெட்டும்போதும் வடிந்துவிடுகிறது.

சரிசெய்ய வழி இருந்தது. வெளியாள் ஒருவன் கையில் ஒரு பை கொஞ்ச நேரத்துக்குப் போயிருக்க வேண்டும்.

#12 | எடிட்டிங் மேசை

வெட்டு பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன்.

கூத்து வகைப் படத்தில் கதவு இருக்கும் இடம் பார்வையாளரின் தலைக்குள் வரைபடமாகப் பதிய வேண்டும். அதற்கு முதல் பதினைந்து நிமிடத்துக்குள் அகலமான ஷாட் தேவை: மாடிப்படி எங்கே, வாசல் எங்கே, சமையலறை எந்தப் பக்கம், எல்லாம் ஒரே சட்டகத்தில். அதன் பிறகுதான் நெருக்கம். க்ளோசப்பிலேயே ஆரம்பித்துவிட்டால், ஒருவன் இடப்பக்கக் கதவால் போய் வலப்பக்கக் கதவால் வந்து நிற்கும்போது நமக்கு அது ஜோக்காகத் தெரியாது. எங்கிருந்து வந்தால் என்ன என்று இருக்கும்.

நேரக் கணக்கு: நொடிக்கு 24 சட்டகம். வாசல் மணி அடித்ததற்கும் முகம் மாறுவதற்கும் நடுவே ஆறு சட்டகம் கூடினாலே கால் நொடி. ஜோக் செத்துவிடும். ஆனால் முகம் மாறிய பிறகு அவசரப்பட்டு வெட்டக் கூடாது. மேடையில் சிரிப்பு அடங்கும் வரை நடிகர் காத்திருப்பார், படத்தால் காத்திருக்க முடியாது. அதனால் பெரிய ஜோக்கை அடுத்து வரும் ஒன்றரை, இரண்டு நொடியில் முக்கியமான தகவல் எதுவும் இருக்கக் கூடாது. யாராவது பையை நகர்த்தட்டும், தொப்பியைக் கழற்றட்டும். அரங்கில் பார்ப்பவருக்கு அது சிரிக்க இடம். வீட்டில் தனியாகப் பார்ப்பவருக்கு அதே இடம் மந்தமாகத் தெரியும். பின்பாதித் தொய்வில் கொஞ்சம் பங்கு இதற்கும் உண்டு என்பது என் கணிப்பு.

#13 | மேடைத்தச்சன்

கதவு என்றதும் என் பேட்டை. மேடைக் கதவு பார்வையாளருக்கு எதிர்த் திசையில், அதாவது மேடைக்கு வெளியே திறக்க வேண்டும், கீல் பின்பக்கமாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால் வருகிறவர் முகத்தைக் கதவே மறைத்துவிடும். அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு நொடி போய்விடும்.

அடுத்த ஆபத்து அறைந்து சாத்துவது. கதவை அறைந்தால் தட்டிச் சுவர் முழுக்க ஆடும், பளிங்கு மாளிகை என்று நம்பியதெல்லாம் போச்சு. கதவுச் சட்டத்தைச் சுவரோடு ஆணியடித்து விடக் கூடாது. தனிச் சட்டமாக நிறுத்தி, பின்னால் இரண்டு பக்கமும் சாய்வு முட்டு கொடுத்து, முட்டின் அடியில் எடைக்கட்டி வைக்க வேண்டும். சட்டத்துக்கும் சுவருக்கும் விரல் நுழையாத இடைவெளி விட்டு அதை மோல்டிங் கொண்டு மூட வேண்டும். அதிர்வு சுவருக்குப் போகாது. சினிமாவில் இது பாதித் தொல்லைதான். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லேசான ப்ளைவுட் கதவை மெதுவாகச் சாத்தினாலும் தேக்குக் கதவு அறைந்த ஓசை வைத்துவிடுவார்கள்.

#14 | வரலாற்றுப் புழு

1931 என்ற ஆண்டு சும்மா போட்டதில்லை என்று யாருமே சொல்லவில்லையே.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியில் வந்து 1933 டிசம்பரில் போனது. தாதாக்களின் பொற்காலம். அதே 1931-ல் அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. போட்ட பணத்துக்குக் காப்பீடெல்லாம் 1933-க்குப் பிறகுதான். ஆக, மக்களின் பணத்தோடு வங்கிகள் மூழ்கும் ஆண்டில் ஒரு திருடன் 'நான் யோக்கியனாகப் போகிறேன், பேங்க்காரனாகிறேன்' என்கிறான். படத்தின் ஆகப் பெரிய ஜோக் இதுதான். அந்தப் பேங்க்காரர்களும் இவன் காசை வாங்கிக்கொண்டு இவனை ஓரங்கட்டத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்தது கணக்குப்பிள்ளை. அல் கபோன் 1931 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பானது கொலைக்காக இல்லை, வருமான வரிக்காக. கிடைத்தது 11 ஆண்டு. அந்த வழக்கில் அவனுக்குக் கணக்கெழுதியவர்களின் சாட்சியமும் இருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் தாதா வீட்டில் மிக ஆபத்தான ஆள் துப்பாக்கி வைத்திருப்பவன் இல்லை, பேரேடு வைத்திருப்பவன். ஆன்டனி அத்தனை தெனாவட்டாகச் சம்பளம் கேட்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

50,000 டாலர் என்பது இன்றைய மதிப்பில் சுமார் பத்து லட்சம் டாலர். சில்லறைத் திருட்டு இல்லை.

#15 | சந்தேகத் திலகம்

கணக்குப்பிள்ளை விஷயம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டலோன்? அவருக்குக் காமெடி வராது என்பதுதானே ஊர்ப் பேச்சு. மோசமான படங்களுக்குக் கிண்டலாகக் கொடுக்கும் கோல்டன் ராஸ்பெரி விருதுக்குப் பரிந்துரைகூட வந்ததே.

#16 | கட்டியங்காரன்

மூன்று பரிந்துரை: மோசமான நடிகராக ஸ்டலோன், மோசமான இயக்குநராக லாண்டிஸ், மோசமான துணை நடிகையாக மரீசா டோமேய். அடுத்த ஆண்டு வந்த வேறொரு படத்துக்காக அதே டோமேய்க்கு 1993 விழாவில் சிறந்த துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது. 'ஆஸ்கர்' படத்துக்குக் குட்டு, பிறகு ஆஸ்கரே கைக்கு. பரிந்துரைப் பட்டியலை வைத்து நடிப்பை அளக்காதீர்கள்.

ஸ்டலோன் பற்றி என் கருத்து: கோபப்படும் இடங்களில் சத்தம் கொஞ்சம் அதிகம். அடக்கிக்கொண்டு 'நான் இப்போது யோக்கியன்' என்று பல்லைக் கடிக்கும் இடங்களில் பிரமாதம். அந்த உடம்பு சும்மா நிற்க முடியாமல் தவிப்பதே சிரிப்பு. சுற்றியிருப்பவர்கள் தாங்கிப்பிடிக்கிறார்கள்: பட்லராக்கப்பட்ட ஆல்டோ (பீட்டர் ரீகர்ட்), அடியாள் கானி (சாஸ் பால்மின்டேரி), தையற்காரச் சகோதரர்கள் ஃபினூச்சி. டான் அமீச்சி, எடி பிராக்கன் மாதிரி அந்தக் காலத்து வேகப் பேச்சுக் காமெடிகளில் பழகியவர்களைக் கொண்டுவந்ததும் தற்செயல் இல்லை.

தொடக்கத்தில் பொம்மை ஒன்று ஓபரா இசையமைப்பாளர் ரோசினியின் ஃபிகாரோ பாட்டைப் பாடுகிறதே, எல்லாரும் என்னையே கூப்பிடுகிறார்கள் என்று அலுத்தபடி பீற்றிக்கொள்ளும் பாட்டு. அன்று காலை முழுக்க ஸ்னாப்ஸுக்கு நடக்கப்போவதும் அதேதான்.

#17 | பால்கனி டிக்கெட்

இந்த வடிவத்தில் புதிதாகக் கதை எழுதுபவர் எங்கே தொடங்க வேண்டும்? மகளிடமிருந்தா, பையிலிருந்தா?

#18 | மூன்றாம் கதவு

கடிகாரத்திலிருந்து. 'நண்பகலுக்கு விருந்தாளி' என்று ஒன்றை முதல் பத்து நிமிடத்தில் நட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் எந்தப் பொய்யையும் நாளைக்கு விசாரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

பிறகு மகளின் பொய். அது சின்னதாக, நியாயமான ஆசையிலிருந்து வர வேண்டும். லீசாவுக்கு வேண்டியது உலகம் பார்க்க ஓர் ஆள், அவ்வளவுதான். பழிவாங்கலில் பிறந்த பொய் கசக்கும். பிறகு அதே பொய்யைத் தெரியாமல் உறுதிப்படுத்தும் இன்னோர் ஆள், இங்கே ஆன்டனி. அவன் தெரசாவை மனதில் வைத்து 'உங்கள் மகள்' என்கிறான், அப்பா லீசாவை நினைத்துக் கேட்கிறார். இருவரும் ஒரே சொல்லை இரு பொருளில் பேசும் அந்த உரையாடல் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. போனால், யாராவது ஒருவர் பேரைக் கேட்டால் தீர்ந்துவிடுமே என்று பார்வையாளர் யோசிக்க ஆரம்பிப்பார். அந்த யோசனை வருவதற்கு ஒரு வசனம் முன்னால் மணி அடிக்க வேண்டும்.

பை கடைசியாக. கதை எலும்பு நின்ற பிறகு மாட்டும் மணி அது. முதலில் பையை வைத்து எழுதினால் ஆட்கள் கூலிகளாகிவிடுவார்கள்.

#19 | எடிட்டிங் மேசை

தலைப்புப் பாத்திரத்தையும் மறக்காதீர்கள். ஆஸ்கர் என்ற ஓட்டுநரைப் பற்றிப் படம் முழுக்கப் பேச்சு, ஆள் வருவது கடைசிக் கல்யாணக் காட்சியில். ஆட்சேபம் சொல்ல வாயைத் திறந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். முன்னாடியே காட்டியிருந்தால் அவன் இன்னொரு மாப்பிள்ளை வேட்பாளர், அவ்வளவுதான்.

#20 | சந்தேகத் திலகம்

எல்லாம் சரி. பணப் பை 100 டாலர் நோட்டா, 20 டாலர் நோட்டா? அதை யாருமே முடிவாகச் சொல்லவில்லை.

#21 | மேடைத்தச்சன்

மணல்மூட்டை, ஐயா. இரண்டு கிலோ.